"நம்ம பொண்ணுக்கு இந்த லீடர்ஷிப் ப்ரோக்ராம் எதுக்கு?"ன்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, நேத்து நைட் நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பொண்ணு செகண்ட் இயர் பயாலஜி, ப்ரீ-மெட், அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகுறா, நல்லா படிக்கிறா, இப்ப திடீர்னு காலேஜ்ல விமன் ஆஃப் கலர், அதாவது வெள்ளையர் அல்லாத பெண்களுக்கான லீடர்ஷிப் ப்ரோக்ராம்ல சேரணும்ங்கறா, வாரத்துல மூணு மணி நேரம் அதுக்கே போயிடும், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்ன ஆகுறதுன்னு உங்களுக்கு பயம். அதோட தயங்கித் தயங்கி இன்னொண்ணும் கேட்டீங்க, "அது கருப்பினப் பொண்ணுங்களுக்குத்தானே, நம்ம பொண்ணுக்கு அங்க என்ன வேலை?"

அதையே முதல்ல பேசிடலாம். 1977 நவம்பர்ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல நேஷனல் விமன்ஸ் கான்ஃபரன்ஸ் நடந்துச்சு. வாஷிங்டன்ல இருந்து போன கருப்பினப் பெண்கள் தங்களுக்குன்னு ஒரு செயல்திட்டம் எழுதி எடுத்துட்டுப் போனாங்க, அங்க வந்திருந்த மத்த சிறுபான்மைப் பெண்கள் எங்களையும் இதுல சேத்துக்கோங்கன்னு கேட்டாங்க, அப்ப எல்லாரையும் சேத்து சொல்ல எடுத்த பேருதான் விமன் ஆஃப் கலர்னு கருப்பினப் பெண்ணியச் செயல்பாட்டாளர் லொரெட்டா ராஸ் சொல்லுவாங்க. அதுனால இது தோல் நிறத்த அளந்து வெச்ச பேரு இல்லக்கா, சேந்து நிக்கிறதுக்கு வெச்ச பேரு. உங்க பொண்ணுக்கு அங்க இடம் இருக்கு. ஆனா நம்ம வீடுகள்ல கருப்பினத்தவங்கள பத்தி எவ்ளோ சாதாரணமா தப்பா பேசிடறோம்னு உங்களுக்கும் தெரியும், அந்தப் பேச்ச நிறுத்திட்டுத்தான் அவள அங்க அனுப்பணும், இத நான் உரிமையோட சொல்றேன்.

இப்ப படிப்பு. மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷன்ல மார்க்கும் எம்கேட்ங்கற நுழைவுத் தேர்வு ஸ்கோரும் மட்டும் இல்ல, என்னென்ன செஞ்சேன்னு 15 அனுபவம் வரைக்கும் எழுதலாம், அதுல 3 தான் எனக்கு ரொம்ப முக்கியம்னு தேர்ந்தெடுத்து விரிவா எழுதணும். லீடர்ஷிப்புக்குன்னே அதுல தனிப் பிரிவு இருக்கு. நல்ல மார்க் வாங்குன நம்ம பிள்ளைங்க பலபேரு திணறுறது அந்த மூணுலதான். வாலன்டியர் பண்ணேன், டாக்டர் கூடவே இருந்து பாத்து ஷேடோ பண்ணேன்னு இருக்கும், நான் முடிவெடுத்தேன்னு சொல்ல ஒண்ணு இருக்காது.

போன வருஷம் ஒரு தமிழ்ப் பொண்ணுக்கு பயிற்சிக்காக மாக் இன்டர்வியூ எடுத்தேன். லேப் ப்ராஜெக்ட் முழுக்க அவதான் செஞ்சிருக்கா, டேட்டா அவ எடுத்தது, ஸ்லைட் அவ போட்டது, மேடையில நின்னு பேசுனது மட்டும் இன்னொருத்தர். ஏம்மா நீ பேசலன்னு கேட்டா, "யாரும் என்ன கேக்கல மேடம்"ங்கறா. எனக்கு மனசு கனத்துப் போச்சு. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத, கேட்டா மட்டும் சொல்லு, அடக்கமா இருன்னு நாம பாசத்தோட சொல்லி வளத்ததுதான், வீட்ல அது நல்ல குணம், இங்க மீட்டிங் ரூம்ல அவளுக்கு ஒண்ணும் சொல்ல இல்லன்னு எடுத்துக்கறாங்க. இந்த மாதிரி ப்ரோக்ராம்ல கத்துக்கறது மேடைப் பேச்சு இல்லக்கா, யாரும் கூப்பிடறதுக்கு முன்னாடி கைதூக்குறது. அவள மாதிரியே தயங்குற பத்துப் பொண்ணுங்க நடுவுல அத பழகுறது ஈசி.

2020ல கமலா ஹாரிஸ் வைஸ் பிரசிடென்ட்டா ஜெயிச்சப்ப அவங்க தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துல பட்டாசு வெடிச்சோம், ஆனா அவங்க ஹோவர்ட் யூனிவர்சிட்டியில முதல் வருஷமே ஸ்டூடன்ட் கவுன்சில் எலெக்ஷன்ல நின்னாங்கங்கறத நம்ம வீடுகள்ல எத்தன பேரு சொல்றோம்? அதவிட உங்க பொண்ணுக்கு நான் சொல்ல நினைக்கிறது பேட்ஸி மிங்க் கதை. ஹவாய்ல பிறந்த ஜப்பானிய அமெரிக்கப் பொண்ணு, நெப்ராஸ்கா யூனிவர்சிட்டியில படிக்கிறப்ப வெள்ளையர் அல்லாத பிள்ளைங்கள தனி ஹாஸ்டல்ல வெச்சிருந்தாங்க, அவங்க ஆள் திரட்டி போராடி அந்த விதிய மாத்த வெச்சாங்க, அப்ப அவங்க வெறும் ஸ்டூடன்ட். டாக்டராகணும்னு ஆசைப்பட்டு அப்ளை பண்ணாங்க, ஒரு மெடிக்கல் ஸ்கூலும் எடுக்கல, சட்டம் படிச்சாங்க, 1964ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஜெயிச்சாங்க, வெள்ளையர் அல்லாத பெண் ஒருத்தங்க அங்க போனது அதான் முதல் தடவ. கல்வியில ஆண் பெண் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு 1972ல வந்த டைட்டில் நைன் சட்டத்துக்கு பாடுபட்டவங்கள்ல அவங்க முக்கியமானவங்க. நாளைக்கு உங்க பொண்ணு அப்ளை பண்றப்ப பொண்ணுங்கறதுக்காக ஒதுக்க முடியாதுன்னா அந்தச் சட்டத்தாலதான்.

சரி, எந்த ப்ரோக்ராமும் நல்லதுதானான்னா இல்ல. நாலு வாரம் பேச்சாளர வர வெச்சு சர்டிஃபிகேட் குடுக்குறதா இருந்தா விட்டுடலாம். கையில கொஞ்சம் பட்ஜெட் குடுக்குறாங்களா, ஒரு நிகழ்ச்சிய ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நடத்த விடறாங்களா, ரெண்டு வருஷம் கழிச்சு இவள தெரிஞ்சு ரெக்கமண்டேஷன் லெட்டர் எழுதுற அளவுக்கு ஒரு மென்டர் இருப்பாங்களா, இத அவ கேக்கட்டும். ஈமெயில்ல நீ செலக்ட் ஆயிட்ட, ஃபீஸ் கட்டுன்னு வர்றத நம்பாதீங்க. இன்னொண்ணு, 2023 ஜூன்ல அட்மிஷன்ல இனத்த பாக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, டெக்சாஸ்ல 2024 ஜனவரியில இருந்து அரசு யூனிவர்சிட்டிகள்ல இந்த மாதிரி ப்ரோக்ராம்கள நடத்துன டைவர்சிட்டி ஆபீஸ்களையே சட்டம் போட்டு மூடிட்டாங்க, அதுனால பல இடத்துல பேர மாத்தி எல்லாருக்கும் திறந்து விட்டிருக்காங்க. பேர பாத்து முடிவு பண்ணாம உள்ள யாரு நடத்துறாங்கன்னு விசாரிக்கச் சொல்லுங்க.

டீனுக்கு நீங்க ஃபோன் பண்ணி கேக்கவான்னு சொன்னீங்க, வேண்டாம்கா. அவளுக்கு 18 தாண்டிருச்சு, பொதுவா அவ சம்மதம் இல்லாம அவ ரெக்கார்ட பத்தி உங்ககிட்ட பேசமாட்டாங்க, பேசுனாலும் அவளுக்குத்தான் சங்கடம். ஒரு செமஸ்டர் பாப்போம், கெமிஸ்ட்ரி இறங்குனா என்ன பண்ணலாம்னு இப்பவே அவகிட்டயே திட்டம் கேளுங்க. அப்ளிகேஷன் எஸ்ஸே எழுதிட்டு வேணும்னா எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் படிச்சு சொல்றேன், ஆனா நீங்க ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அவளே மெயில் போடட்டும்.