அம்மா ஏன் தண்ணீர் கேட்கவில்லை?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் புதிதாகக் கார் வாங்கினேன். பல வருடக் கனவு. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மலைப்பாதையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம். புது எஞ்சின் என்பதால் கையேட்டில் சொன்னபடி வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். இறக்கத்தில் பிரேக் சூடாகக் கூடாது என்று கீழ் கியரிலேயே இறக்கினேன். காட்சி நன்றாக இருந்த நான்கு வளைவுகளில் நிறுத்தி வண்டியோடு படம் எடுத்தோம். அம்மாவால் எந்தத் தொந்தரவும் இல்லை, எட்டு மணி நேரமும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஆனால் மனைவி இனி வர மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டால் ‘அத்தையைக் கேளுங்கள்’ என்று எழுந்து போகிறாள். அம்மாவோ ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்கிறார். மாமியார் மருமகளுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, மனைவியைப் பற்றி அப்புறம் பேசலாம். ‘ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். அம்மாவைப் பாராட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் மனசு கலங்கிவிட்டது.

எட்டு மணி நேரம் அவருக்குத் தாகமே எடுக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? வயதான பெண்கள் பயணத்தில் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். குடித்தால் ஒதுங்க வேண்டிவரும். வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகள் காதில் விழ, மகனிடம் அதைச் சொல்ல வேண்டும். இத்தனையையும் யோசித்து, கிளம்புகிற அன்று காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இதே கதை எத்தனையோ வீடுகளிலிருந்து எனக்கு வந்திருக்கிறது. எழுதுகிற மகன் ஒவ்வொரு முறையும் ‘அம்மா ரொம்ப அனுசரணை’ என்றுதான் எழுதுகிறார்.

நான்கு இடத்தில் நிறுத்தினீர்கள், சரி. அந்த நான்கில் எந்த இடத்திலாவது கழிப்பறை இருந்ததா? உங்களால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, வண்டி எப்படித் தெரிகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டா? அதற்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, நீரை அடிக்கடி பிரியச் செய்பவை. அன்று காலை அவர் மாத்திரை போட்டாரா, இல்லை அதையும் உங்களுக்காகத் தள்ளிவைத்தாரா? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிப்போகும். உடம்பில் நீர் குறைவது அவர்களுக்கே தெரியாது. இறங்கி எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். தண்ணீரைக் குறைத்து, வந்ததையும் அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். நான்கு மணி நேரத்துக்கு மேல் கால் மடக்கி ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்தும் கூடுகிறது.

புது எஞ்சினை ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு நன்றாகப் படிய வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பக்குவம். இறக்கத்தில் கீழ் கியர் போட்டதும் சரியான காரியம், குடும்பத்தைப் பத்திரமாக இறக்கியிருக்கிறீர்கள். இவ்வளவு பொறுப்பு உள்ள மனிதர்தான் நீங்கள். அதனால்தான் கோபம் வருகிறது. பிரேக்குக்குச் சூடு ஏறுமே என்று கவலைப்பட்ட உங்களுக்கு, பின்சீட்டில் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையே!

அம்மா தொந்தரவு தரக் கூடாது என்று யார் சொன்னது? பெற்றவர்களை அழைத்துக்கொண்டு வெளியே போனால் நிறுத்தி நிறுத்தித்தான் போக வேண்டும். எட்டு மணி நேரப் பாதை பதினொரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அதற்கு மனம் இல்லாதவர் அவர்களை அழைத்துப் போகவே கூடாது என்பது என் கட்சி. நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஏறின பஸ்ஸை உங்களுக்காக நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் பேச்சு வாங்காத அம்மா யாராவது உண்டா?

இப்போது மனைவிக்கு வருகிறேன். மாமியார் மருமகள் சண்டை என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எட்டு மணி நேரம் ஒரே வண்டிக்குள் இருந்தவள் அவள். அத்தை எதனால் குடிக்கவில்லை என்று ஒரு பெண்ணாக அவளுக்குப் புரிந்திருக்கும். அவளும் குடித்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். ‘அத்தையைக் கேளுங்கள்’ என்றது புகார் இல்லை, உங்கள் அம்மாவின் பக்கம் நின்று பேசிய பேச்சு. சண்டை போட்டவள் அப்படிச் சொல்ல மாட்டாள். அவளைச் சம்மதிக்க வைக்க வழி கேட்கிறீர்களே, முதலில் அவளைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும் முன், வழியில் நல்ல கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை வைத்துப் பாதையைப் போடுங்கள். காட்சி அப்புறம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், ஓட்டுகிற உங்களுக்கும் அது தேவை. ‘யாருக்காவது இறங்கணுமா?’ என்று கேட்காதீர்கள், அம்மா ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார். ‘எனக்கு இறங்கணும்’ என்று சொல்லி நிறுத்துங்கள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து கை கொடுங்கள். மனைவி கூடப் போகட்டும், நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். திரும்பி வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மா கையில் கொடுங்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. இன்றைக்கு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்று ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேளுங்கள். ‘ஒன்றும் இல்லைப்பா’ என்பார். எழுந்து வந்துவிடாதீர்கள்.