திருகோணமலையில் உதைபந்தாட்டமும் தேரும் எடுக்க 70-300 வாங்குவதா, 70-200ஆ?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கையில் கெனன் கிராப் கமரா (சென்சர் சிறியது), அதோடு வந்த 18-55 லென்ஸ் (எண்கள் மி.மீ.; எண் கூடினால் தூரத்தில் உள்ளது பெரிதாக வரும்). எடுக்கவேண்டியவை பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, மெக்கெய்சர் மைதானத்து உதைபந்தாட்டம், தேர்த் திருவிழா, இடைக்கிடை மண்டப நிகழ்ச்சி. ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும்.

என் பதில் 70-200 எஃப் 2.8 (எஃப் எண் சிறிதாக இருந்தால் கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும்). புதியது கைக்கெட்டாவிட்டால் பாவித்தது. ஆனால் உங்கள் வேலை முழுக்கப் பகல் வெயிலில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிதான் என்றால் 55-250 எஸ்டிஎம் போதும், மிச்சக் காசை வைத்திருங்கள். உச்சி வெயிலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 200இலேயே ஷட்டர் வேகம் 1/1000 நொடியைத் தாண்டிக் கிடைக்கும். அந்த வெளிச்சத்தில் விலைகூடிய லென்ஸ் கூடுதலாகச் செய்வது, பின்னால் தெரியும் கூடாரத்தையும் பிளாஸ்டிக் கதிரைகளையும் மங்கலாக்குவதுதான்.

வித்தியாசம் தெரிவது பின்னேரம். நாலு மணிக்குப் பிறகு தொடங்கும் ஆட்டம் மேலதிக நேரம், பெனால்டி என்று இழுத்தால் சூரியன் மறைந்துவிடும். எல்லாருக்கும் வேண்டிய படமும் அப்போதுதான் வரும். எஃப் 2.8, 1/1000, ஐஎஸ்ஓ 3200 என்று நீங்கள் எடுக்கும் அதே வெளிச்சத்தில், 300இல் எஃப் 5.6 ஆகிவிடும் 70-300க்கு ஐஎஸ்ஓ 12800 வேண்டும். இல்லாவிட்டால் ஷட்டரை 1/250க்கு இறக்கவேண்டும். பந்து முட்டை மாதிரி வரும், உதைக்கிற கால் புகை மாதிரி வரும். லென்ஸில் உள்ள ஐஎஸ் இதற்கு உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைப் பிடிக்கும், ஓடுகிறவரின் காலைப் பிடிக்காது. ஆகவே ஐஎஸ் இல்லாத பழைய 70-200 எஃப் 2.8 மலிவாக வந்தால், மைதானத்துக்கு அது குறையே இல்லை. மண்டபத்தில் மேடைப் பேச்சை 1/125இல் எடுக்கும்போதுதான் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று தேவைப்படும். எடை 1.3 கிலோ என்பதால் அது எப்படியும் தேவைதான்.

"200 எட்டுமா?" என்ற பயத்துக்கு ஒரு கணக்கு. கிராப் சென்சர் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். இதைத் தூரத்தால் பெருக்கி லென்ஸின் மி.மீ.ஆல் பிரித்தால் படத்தில் அடங்கும் அளவு வரும். 200இல், 30 மீட்டரில் 2.2 மீட்டர் உயரம் அடங்கும். நிற்கிற ஆள் படத்தை நிறைத்துவிடுவார். 60 மீட்டரில் அதே ஆள் படத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். மைதானம் 68 மீட்டர் அகலம் என்றால், மூலைக் கொடியிலிருந்து கோல் பக்கமாக 6 மீட்டர் நகர்ந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே இருங்கள். பெனால்டிப் புள்ளி அங்கிருந்து கிட்டத்தட்ட 30 மீட்டர். மற்றப் பக்கக் கோலை மறந்துவிடுங்கள். 300 போட்டாலும் அது எட்டாது, இடைவேளையில் ஆட்கள் பக்கம் மாறும்போது நீங்கள் மாறத் தேவையில்லை.

எஃப் 2.8இல் ஃபோகஸ் தவறினால் படம் செத்தது. 200இல் 30 மீட்டருக்குக் கூர்மையாக நிற்கும் ஆழம் இரண்டு மீட்டர் சொச்சம் இருக்கும், பிழைக்கலாம். பத்து மீட்டருக்கு ஆள் வந்துவிட்டால் அது ஒரு சாணுக்குச் சற்று மேல்தான். நெஞ்சில் உள்ள இலக்கம் கூர்மையாக, நீட்டிய கை மங்கலாக வரும். கமராவை ஏஐ சேர்வோவில் (ஓடுகிறவரைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்கும் முறை) போட்டு, நடு ஃபோகஸ் புள்ளியையோ சிறிய வட்டத்தையோ மட்டும் வைத்து, ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றுங்கள். எல்லாப் புள்ளியையும் திறந்து விட்டால் கமரா கோல் வலையைத்தான் முதலில் பிடிக்கும்.

காலை பதினொரு மணிக்குமேல் மணல் தரையில் எடுத்த படம் எதுவும் கூர்மையாக இல்லையே என்று லென்ஸைக் குறைசொல்பவர்கள் நிறைய. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்று அலையலையாக நிற்கும். 50 மீட்டருக்கு அப்பால் எந்த லென்ஸும் அதற்குள்ளால் கூர்மையாகப் பார்க்காது. கிட்டப் போங்கள், அல்லது ஓட்டப் போட்டிகளைக் காலையிலேயே எடுத்து முடியுங்கள்.

தேருக்கு 18-55ஐ விற்காமல் வைத்திருங்கள். ஆனால் பக்கத்தில் நின்று 18இல் அண்ணாந்து எடுத்தால் தேர் பின்னால் சாயும். பத்திரகாளி அம்மன் கோயில் தேர் வரும்போது 40 மீட்டர் முன்னே போய், கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து 70இல் எடுத்துப் பாருங்கள். 12 மீட்டர் உயரம் அடங்கும். வடம் பிடிப்பவர்களும் தேரும் ஒன்றாக நெருங்கி வருவார்கள். மண்டபத்தில் எல்ஈடி விளக்கால் படத்தில் பட்டை பட்டையாக வந்தால், எலக்ட்ரோனிக் ஷட்டரை நிறுத்தி 1/100க்கு வாருங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தரம் துடிக்கும்.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டான அறையில் இரு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்பக்கம் சரிவாகப் பாருங்கள். தூசி கிடந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் ஓடினால் அது பங்கஸ், விலை பேசவே வேண்டாம். பிறகு கமராவில் மாட்டி 200இல் வைத்து, கிட்டத்தையும் தூரத்தையும் மாறிமாறி இருபது தரமாவது ஃபோகஸ் பண்ணுங்கள். மோட்டார் கிறீச்சிட்டாலோ இடையில் திக்கினாலோ விட்டுவிடுங்கள். பழைய பதிப்புக்குப் பாகம் தேடுவது பெரும் பாடு.

கடலோர ஊரில் அதே பங்கஸ் உங்கள் வீட்டு அலுமாரியிலும் வரும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் சரி. கோணேசர் கோயில் பாறையிலோ டச் பே கரையிலோ எடுத்துவிட்டு வந்தால் கண்ணாடியில் உப்பு காய்ந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, கடைசியில்தான் லென்ஸ் திரவம்.