தோரணம் கட்டினால் மதிப்பு உயருமா?

கேள்வி: ‘நடுத்தர வலிமை நாடுகள்’ என்று செய்திகளில் அடிக்கடி வருகிறதே, இலங்கை அதில் சேருமா?
– பண்டாரவளை வாசகி

பதில்: சேராது. வல்லரசாக இல்லாவிட்டாலும் தம் சொல்லுக்கு உலக அரங்கில் செல்வாக்குத் தேடிக்கொண்ட கனடா, அவுஸ்திரேலியா, தென்கொரியா போன்றவற்றையே அப்படி அழைக்கிறார்கள். 1997 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையை முன்னின்று நிறைவேற்றியது கனடா. இருபது ஆண்டுகள் கழித்தே நாம் அதில் இணைந்தோம்.

கேள்வி: 1976 இல் அணிசேரா மாநாட்டை நடத்திய நாடு நாம் என்று என் தந்தையார் பெருமையோடு சொல்வார். இன்றும் அப்படிப் பெரிய மாநாடுகளை நடத்தினால் நாட்டின் பெயர் உயராதா?
– அட்டன் வாசகர்

பதில்: உங்கள் தந்தையாரின் பெருமையில் நியாயம் உண்டு. சீனா அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் அவ்வாண்டு ஆகஸ்டில் நாட்டுத் தலைவர்கள் கூடியபோது, தலைமை வகித்த நம் பிரதமர் சிறிமாவோ அம்மையாரை உலகம் திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் அதே காலத்தில், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பச் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம் தோட்டங்களை விட்டுக் குடும்பம் குடும்பமாகத் தகரப்பெட்டிகளோடு ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் பட்டினியால் மாண்டவர்களின் துயரமும் ஆறியிருக்கவில்லை. மறு ஆண்டுத் தேர்தலில் அம்மையாரின் கட்சிக்குக் கிடைத்தவை 8 ஆசனங்கள். மாநாட்டுப் புகழ் வாக்குப் பெட்டி வரை வந்து சேரவில்லை.

2013 நவம்பரில் இங்கே நடந்த பொதுநலவாய மாநாட்டின் கதை இன்னும் சங்கடமானது. கனடா, மொரீஷியஸ் பிரதமர்கள் மனித உரிமை நிலையைக் காரணம் காட்டி வரவில்லை; இந்தியப் பிரதமரும் வரவில்லை. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் வந்தார். வந்தவர் யாழ்ப்பாணம் போய்க் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களைச் சந்திக்க, வெளிநாட்டு ஊடகங்கள் மாநாட்டை விட்டுவிட்டு அவர் பின்னால் போயின. மறைக்க விரும்பியதைக் காட்ட நாமே பந்தல் போட்டுக் கொடுத்தோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980 இல் மறையும் வரை தலைமை தாங்கியவர் நம் நாட்டு ஷெர்லி அமரசிங்க. பெரிய நாடுகளையும் சிறிய நாடுகளையும் ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் இருத்திப் பேசவைத்த அந்தப் பொறுமைக்கு ஊரில் எவரும் தோரணம் கட்டவில்லை.

கெட்ட பெயரின் விலையோ நம் வீட்டுக்கே வருகிறது. மனித உரிமைச் சமவாயங்களைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் நம் ஏற்றுமதிகளுக்குத் தந்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியபோது, அடிவாங்கியது தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் வேலைக்குப் போகும் ஆடைத் தொழில். அது மீண்டும் கிடைத்தது 2017 இல். இடையே 2013 இல் போட்ட பந்தல் அதற்கு எவ்வகையிலும் உதவவில்லை.