அமுக்கம் குறையத் திரவமாகும் வாயு

கேள்வி: அமுக்கத்தைக் கூட்டினால் வாயு திரவமாகும், குறைத்தால் திரவம் ஆவியாகும் என்றுதான் வகுப்பிற் படித்தோம். ஆனால், சில வாயு வயல்களில் அமுக்கம் குறையும்போது நிலத்தடியிலேயே திரவம் தோன்றுமாம். இது எப்படி? மன்னார்க் கடலில் கண்ட வாயுவும் இத்தகையதா?
— உயர்தர மாணவி, கொக்குவில்

பதில்: நீங்கள் படித்தது தவறன்று, ஆனால் அது தூய பொருளுக்கு உரியது. தூய புரொப்பேனுக்கு ஒரு வெப்பநிலையில் ஒரேயொரு ஆவியமுக்கமே உண்டு. வெப்பநிலைக்கு எதிராக அதை வரைந்தால் ஒற்றைக் கோடு கிடைக்கும். கலவையிலோ அந்த ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிகிறது: திரவத்தில் முதற் குமிழி தோன்றும் அமுக்கம் ஒன்று, ஆவியில் முதற் துளி தோன்றும் அமுக்கம் இன்னொன்று. இடைப்பட்ட பரப்பில் திரவம், ஆவி என்னும் இரு அவத்தைகளும் கூடியிருக்கும். நிலத்தடியிலிருந்து வரும் சாதாரண மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) அமுக்கம் குறையக் குமிழிவிடுவது, சோடாப் போத்தலைத் திறப்பதைப் போன்றதே, அதில் வியப்பில்லை.

இவ்விரு கோடுகளும், திரவத்துக்கும் ஆவிக்கும் இடையிலான வேறுபாடு மறையும் அவதிப் புள்ளியில் சந்திக்கின்றன. எனினும், அப்புள்ளிக்குரிய அவதி வெப்பநிலையைத் தாண்டியும் சிறிது தூரத்துக்கு இரு அவத்தைப் பரப்பு நீண்டிருக்கும். உங்கள் புதிர் பிறப்பது அங்கேதான். மிகுந்த அமுக்கத்தில், இயற்கை வாயுவின் முதன்மைக் கூறான மெதேனின் மூலக்கூறுகள் நெருங்கி, ஏறக்குறைய ஒரு கரைப்பானைப் போலப் பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட பார ஐதரோகாபன்களைத் தம்முள் தாங்கி நிற்கின்றன. அமுக்கம் இறங்க, அவை விலகி அத்தாங்குதிறனை இழப்பதால், பாரமானவை துளிகளாக ஒடுங்குகின்றன. பௌதிகவியலாளர் கியூனன் 1892 இலேயே இதை ஆராய்ந்தார். இதனைப் பின்முக ஒடுக்கம் என்பர். பெயரைக் கேட்டு மிரளத் தேவையில்லை.

பரிசோதனைக் குழாயில் அமுக்கத்தை மேலும் குறைத்தால் அத்துளிகள் மீண்டும் ஆவியாகும். பாறையில் அப்படி முழுமையாக நடப்பதில்லை: வாயு கிணற்றுக்கு ஓடிவிட, திரவம் நுண்டுளைகளில் தங்கிவிடுவதால், அங்கு எஞ்சும் கலவையே பாரமாகிவிடுகிறது. விலைமிக்க பகுதி நிலத்தடியில் சிக்குவதுடன், கிணற்றடியில் வாயுவின் வழியும் அடைபடும். ஆகவேதான் சில வயல்களில், திரவத்தைப் பிரித்தெடுத்த உலர் வாயுவைத் திரும்பவும் உட்செலுத்தி அமுக்கத்தைப் பேணுகிறார்கள்.

மன்னார்ப் படுகையில் 2011 இல் டொராடோ, பரகுடா என்னும் கிணறுகளில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. வாயு என்ற பெயரை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. கலவையின் அமைப்பு, அடுக்கின் வெப்பநிலை, அமுக்கம் ஆகிய மூன்றையும் அறிந்து, மாதிரியை ஆய்வுகூடத்தில் படிப்படியாக அமுக்கம் குறைத்துப் பார்த்தே அதனைத் தீர்மானிக்க வேண்டும்.