எழுத்தாளர் ஒருவர் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை நாடகமாக, படமாக எடுக்க முடியுமா?

முடியும், கடிதத்தில் வரும் சம்பவங்களை நடித்துக் காட்டும் ஆசையை விட்டுவிட்டால்.

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1950-ல் கல்லூரிக்குப் போனதிலிருந்து 1963 பிப்ரவரியில் லண்டனில் இறக்கும்வரை அம்மா ஆரீலியாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அம்மாவே அவற்றில் சிலவற்றைத் தேர்ந்து, வெட்டி, இடையிடையே தன் குறிப்புகளைச் சேர்த்து 1975-ல் 'லெட்டர்ஸ் ஹோம்' நூலாக வெளியிட்டார். ரோஸ் லைமன் கோல்டம்பர்க் எழுதிய நாடக வடிவம் 1979-ல் நியூயார்க்கில் மேடையேறியது. அம்மா, மகள் என இரண்டே பாத்திரங்கள். சில்வியாவின் கணவர், ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் மேடைக்கு வருவதே இல்லை. நாடகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன்.

ஏனென்றால் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் பாதி, அம்மா கவலைப்படக் கூடாது என்று எழுதுவது. 'சிவ்வி' என்று கையெழுத்திட்ட அந்த உற்சாகமான மகளுக்கும், கவிதைகளில் பேசும் பெண்ணுக்கும் இடையே பெரிய தூரம். மறைத்ததை மகள் வாயால் சொல்லவைக்க முடியாது. கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவின் முகத்தில்தான் அது தெரிய வேண்டும். அம்மாவுக்கு முடிவு தெரியும், மகளுக்குத் தெரியாது. 1962 அக்டோபரில், கணவரைப் பிரிந்த நிலையில், வாழ்நாளின் மிகச் சிறந்த கவிதைகளை எழுதிக்கொண்டிருப்பதாக அம்மாவுக்கு எழுதுகிறார். அந்த வரியை நடிகை முழு சந்தோஷத்தோடு சொல்ல வேண்டும். அங்கே அவர் குரல் தழுதழுத்தால் காட்சி போயிற்று.

இப்படி ஒரு கடிதத்தை ஒத்திகையில் முயன்றிருக்கிறேன். முதலில் மேசை, பேனா, எழுதியபடியே பேசும் மகள். உயிரே இல்லை. பேனாவை எடுத்துவிட்டு, மகள் தொடங்கிய வாக்கியத்தை அம்மா மனப்பாடமாக முடிக்கட்டும் என்றோம். அந்தக் கடிதத்தை அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்பது சொல்லாமலே புரிந்தது.

ஒரு நடைமுறை விஷயம்: கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். சில்வியாவின் பதிப்புரிமை ஹியூஸிடம் இருந்ததால், ஆரீலியாவே அவர் அனுமதி பெற்றுத்தான் வெளியிட்டார்.

திரையில் பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மனைப் பாருங்கள். இதே நாடகத்தை 1986-ல் டெல்ஃபின் செரிக் அம்மாவாகவும், அவருடைய சகோதரர் மகள் கொராலி செரிக் மகளாகவும் நடிக்கப் படமாக்கினார். ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமானது அவருடைய முந்தைய படம், 'நியூஸ் ஃப்ரம் ஹோம்'. அதில் கடிதம் எழுதுபவர் அம்மா. நியூயார்க் தெருக்களையும் சுரங்க ரயிலையும் காட்டியபடி, தன் அம்மாவின் கடிதங்களை அகெர்மனே வாசிக்கிறார். 'ஏன் பதில் போடவில்லை' என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்க, நகரத்தின் இரைச்சல் அந்தக் குரலை அவ்வப்போது விழுங்கிவிடுகிறது.