மேலே ஏறியது பட்டாம்பூச்சியா, பார்க்கப்போனவர்களா?

பழைய பதிவுகளில் 800 மீட்டருக்கு மேல் இல்லாத பட்டாம்பூச்சி இப்போது 1,100 மீட்டரில் தெரிகிறது, இதற்குக் காரணம் வெப்பமயமாதல்தான் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அன்று அந்த உயரத்துக்கு யாராவது போனார்களா? போய்த் தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஒரு கதை, போகவே இல்லை என்றால் வேறு கதை. இப்போது கைபேசியோடு வாரா வாரம் மலையேறுகிறார்கள், பதிவு கூடத்தான் செய்யும்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் ஜோசப் கிரின்னெல் என்ற விலங்கியலாளரின் குழு 1914 முதல் 1920 வரை சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுத்தது. எங்கே, எத்தனை பொறி, எத்தனை இரவு என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள், புண்ணியவான்கள்! பிற்பாடு அதே தடத்தில் போனவர்கள், விலங்கு அங்கே இருந்தும் சிக்காமல் போயிருக்கும் வாய்ப்பையும் கணக்கில் சேர்த்தார்கள். அப்படியும் 28 இனங்களில் சுமார் பாதி மேலேறியிருந்தது. 2008இல் வெளியான ஆய்வு அது.

உங்கள் பதிவுகளில் ஒரே இடத்துக்கு எத்தனை முறை போனார்கள் என்று இருந்தால் ஆக்குபன்சி மாடல் போடலாம், அதாவது பூச்சி அங்கே இல்லவே இல்லையா, இருந்தும் கண்ணில் படவில்லையா என்று பிரித்துக் கணக்கிடும் முறை. இல்லையா, சரி, அந்தந்த நாளில் பார்த்த மொத்த இனங்களின் எண்ணிக்கையைத் தேடலின் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பட்டாம்பூச்சி வாழும் உயரத்தின் கீழ் எல்லையையும் பாருங்கள். அதன் புழுவுக்கு உணவாகும் செடி அப்படியே இருந்தும் அங்கே பூச்சி காணாமல் போயிருந்தால் உங்கள் வாதம் வலுவாகும்.