குரல் எங்கே நிற்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்றரை வருடமாக கிட்டார் கற்கிறேன். ஏழு மோடுகளின் (டோரியன், ஃப்ரிஜியன் போன்ற சுர வரிசைகளின்) விரல் வடிவங்களையும் ஏழு வாரத்தில் முடித்துவிட்டேன். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 தட்டில் வைத்துத் தடுமாறாமல் வாசிக்கிறேன். ஆனால் டோரியன் வாசித்தாலும் ஃப்ரிஜியன் வாசித்தாலும் என் காதுக்கு சி மேஜர் போலத்தான் கேட்கிறது. மோடுகளை எந்த வரிசையில் கற்பது சரி? நைலான் கம்பி நல்லதா, ஸ்டீல் கம்பியா? டோரியனும் கரகரப்பிரியாவும் ஒன்றுதானா?

கே.

அன்புள்ள கே,

உங்கள் விரலுக்கு எந்தக் கம்பி ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வரிசையைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘முடித்துவிட்டேன்’ என்ற சொல். ஏழு வாரத்தில் ஏழு மோடுகளை யாராலும் முடிக்க முடியாது. நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது ஏழு விரல் வடிவங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். இதே இடத்தில் இரண்டு வருடத்தை வீணடித்தவன் நான். கொஞ்ச நாளாக அந்த நாட்களையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது, அதைத் திட்டாதீர்கள். டி டோரியனில் இருப்பவை டி, இ, எஃப், ஜி, ஏ, பி, சி. சி மேஜரிலும் அதே ஏழுதான். எந்த சுரத்தில் தொடங்கினீர்கள் என்பது காதுக்கு ஒரு பொருட்டே இல்லை. எது வீடு, எங்கே போய் இளைப்பாறலாம் என்றுதான் அது தேடும். யாரும் காட்டாவிட்டால் பழகிய சி-க்கே போய்விடும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையைப் படித்துப் பாருங்கள். மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிட்டு நிறுத்துகிறாள். அந்த ஏழில் எது குரலாகிறதோ, அதாவது முதல் சுரமாகிறதோ, அதற்கேற்பப் பாலை என்னும் சுர வரிசை மாறும். செம்பாலையை ஹரிகாம்போஜி என்று கொண்டால், இளி குரலாகும்போது கிடைப்பது கோடிப்பாலை. அதுதான் கரகரப்பிரியா, உங்கள் டோரியனின் அதே ஏழு சுரங்கள். பின்னாளில் இதே வித்தையைக் கிரகபேதம் என்றோம். சுரம் ஒன்றுகூட மாறவில்லை, நிலை மட்டும் மாறியது. இதை அறிந்த மரபில் வந்துவிட்டு, படம் பார்த்து விரல் வைத்து ‘டோரியன் முடிந்தது’ என்றால் எனக்கு வருத்தமாக இருக்காதா?

ஆனால் கரகரப்பிரியா ராகமும் டோரியனும் ஒன்றல்ல. கமகம், அதாவது சுரங்களை அசைத்தும் வளைத்தும் இசைப்பது, இல்லாமல் அந்த ராகம் இல்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இப்போது விடுங்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் டி டோரியன் வாசிக்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் பயிற்சி செய்திருந்தேன். கீபோர்டில் இருந்த நண்பன் நல்ல மனத்தோடு எனக்குத் துணையாக ஒரு சி கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் என்ன வாசித்தாலும் சங்கராபரணமாகவே, அதாவது சி மேஜராகவே, வந்தது. விரல்கள் சரியான இடத்தில்தான் இருந்தன. பாதியில் நிறுத்திவிட்டேன்.

எல்லோரும் போனபிறகு, அங்கிருந்த வயதான கிட்டார்க்காரர் ஒருவர் என் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் நாலாவது கம்பியை, அந்தத் திறந்த டி-யை, மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். வேறு எதுவும் வாசிக்கவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும், அறையே டி-யாகிவிட்டது. அப்புறம் இரண்டாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து மேலே ஏறினார். மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, பத்து. பதினொன்றில் நிறுத்தினார். பி ஃப்ளாட். முகம் தானாகக் கவிழ்ந்தது, நடபைரவி ராகத்தின் சுத்த தைவதம், தாழ்ந்த ‘த’, அது. மறுபடி மூன்றிலிருந்து ஏறி வந்து, இந்த முறை பன்னிரண்டில், இரட்டைப் புள்ளி போட்ட அந்த ஃப்ரெட்டில், விரலை வைத்தார். பி. ஒரு படி உயர்ந்த ‘த’, சதுஸ்ருதி தைவதம். அதே சோகம்தான், ஆனால் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக ஆயிரம் முறை அழுத்திய சுரம், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அந்த ஒரு ஃப்ரெட் வித்தியாசத்தில்தான் டோரியன் இருக்கிறது. 1959-ல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒரே டோரியனில் 16 பார் (தாளச் சுற்று) நின்று, அரை சுரம் ஏறி 8 பார், திரும்ப வந்து 8 பார் என்று ஒரு பாட்டையே அமைத்தார். அவசரப்படுகிறவர்களால் அப்படி நிற்க முடியாது.

ஆகவே மெட்ரோனோமை எடுத்து உள்ளே வையுங்கள். மற்ற ஆறையும் மறந்துவிடுங்கள். நாலாவது கம்பி ஓயாமல் ஒலிக்கட்டும். இரண்டாவது கம்பி ஒன்றில் மட்டும் வாசியுங்கள். ஒவ்வொரு சுரத்தையும் முதலில் பாடுங்கள், பிறகு அழுத்துங்கள். குரல் நன்றாக இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள், யாரும் கேட்கப்போவதில்லை. டி மைனர் கார்டுக்கும் ஜி கார்டுக்கும் மாறி மாறிப் போய்வரலாம், அந்த ஜி-க்குள்ளேதான் உங்கள் பி இருக்கிறது. ஆனால் ஜி-யில் அதிக நேரம் தங்கினால் காது மறுபடி சி-யைத் தேடத் தொடங்கும். உடனே டி-க்கு வந்துவிடுங்கள்.

ஒரு மாதம் இப்படி உட்காருங்கள். பதினொன்றும் பன்னிரண்டும் உங்களுக்கு எப்படிக் கேட்டன என்று எனக்கு எழுதுங்கள்.